மூன்று பேர் ஊற்றிய தண்ணீர்

ஜன்னலைத் திறந்ததும் தையல்காரி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். பின்பக்கத்துக் காலி மனையிலிருந்துதான் வந்தது.

பிழைப்புக்குத் தையல் என்றாலும், நாற்பது வயதில் கல்லூரியில் சேர்ந்தவள் அவள். இந்தப் பருவத்தில் ஒரு பாடத்துக்குத் தேர்வே கிடையாது. மாணவர்கள் குழுவாக ஏதாவது ஒரு தெருவில் இருப்பவர்களோடு சேர்ந்து, அவர்கள் வீட்டுச் சமையலறைக் கழிவை உரமாக்கிக் காட்டவேண்டும். மாணவர்களும் தெருவும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கவேண்டும். குழு முழுவதற்கும் ஒரே மதிப்பெண்தான். “எங்க தெருவே இருக்கே” என்று வகுப்பில் வாயை விட்டவள் இவள். மனைக்குச் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரிடம் கெஞ்சி இடம் வாங்கியவளும் இவளே.

அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: “நாத்தம்னு ஒரு பேச்சு வந்தா கேட்டைப் பூட்டிடுவேன். அப்புறம் அண்ணே நொண்ணேன்னு வந்து நிக்கக்கூடாது.”

இன்று மாலை அவர் பார்க்க வருகிறார்.

“உன் மார்க்குக்கு நான் ஏம்மா மூச்சை அடக்கணும்?” என்றாள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்.

“எல்லாம் மக்கிடும்டி, பொறு.”

“எது மக்கு, குப்பையா நீயா?”

அளவு கொடுக்க வந்த பெண் தன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல்காரி அதைக் கவனிக்காததுபோல் இடுப்பளவு எடுத்தாள். அன்று ஒரு ரவிக்கையின் கையை உள்பக்கம் வெளிப்பக்கமாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி அப்படியே தைத்தாள். கண்டக்டர் கேட்டைப் பூட்டிவிட்டால் மதிப்பெண் போவது ஒருபுறம். வீடு வீடாகப் போய் “நாறாது, நான் பொறுப்பு” என்று சொன்ன வாய் இது. அந்த வாயோடு இதே தெருவில்தான் நாளைக்கும் நடக்கவேண்டும்.

மதியம் வகுப்புத் தோழன் நெட்டை மண்வெட்டியோடு வந்தான். குழுவில் தெருவின் சார்பாக இருக்கும் எதிர்வீட்டு அக்காவும் வந்தாள். மனையில் இருந்த உரக் குவியலைக் கிளறியதும் கறுப்புத் தண்ணீர் கசிந்து ஓடியது.

“யாரு இவ்வளவு தண்ணி ஊத்துனது?” என்றாள் தையல்காரி.

“நான்தான்” என்றான் நெட்டை. “தினம் காலையில ரெண்டு வாளி. காய்ஞ்சிருக்கு, தண்ணி ஊத்தணும்னு நீங்கதானே போன்ல குரூப்புக்கு அனுப்புனீங்க? நான் சரின்னு போட்டேனே.”

“நானும்தானேடா சரி போட்டேன்?” என்றாள் அக்கா. “சாயங்காலம் ஊத்திட்டுத்தான் வீட்டுல விளக்கையே போடுறேன்.”

தையல்காரிக்கு முகம் சுண்டிப்போனது. அந்த இரண்டு ‘சரி’யையும் சும்மா தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டு, மதியந்தோறும் அவளும் ஊற்றியிருந்தாள்.

“நல்லா கூடிப் படிச்சோம் போ” என்றாள் அக்கா. “மூணு பேருமாச் சேர்ந்து படிப்புக்கே தண்ணி தெளிச்சு விட்டுட்டோம்.”

நெட்டை சிரித்தான். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ந்த இலை, கிழித்த அட்டைப்பெட்டி, தச்சுப் பட்டறையின் மரத்தூள் என்று கிடைத்ததையெல்லாம் கொட்டி, காற்றுப் புக அடிவரை புரட்டினார்கள். புரட்டப் புரட்ட நாற்றம் இரண்டு மடங்கானது. சரியாக அந்த நேரத்தில் கேட் கிறீச்சிட்டது.

“எலி ஏதும் செத்துக் கிடக்கா?” என்றார் கண்டக்டர், துண்டால் மூக்கை மூடிக்கொண்டு.

ஆமாம் என்றால் போதும். நெட்டை அதைச் சொல்ல வாயெடுப்பதையும் அவள் பார்த்தாள்.

“எலி இல்லண்ணே. ஒருத்தர் ஊத்துனது இன்னொருத்தருக்குத் தெரியாம மூணு பேரும் ஊத்திட்டோம்.”

“ஒரு ஆளுக்கு மூணு டிக்கெட் கிழிச்ச கதையால்ல இருக்கு!” அவர் மூவரையும் வெளியே வரச்சொல்லிக் கேட்டைப் பூட்டி, சாவியை அவளிடம் நீட்டினார். “இனிமே நீ மட்டும் பார்த்துக்க. ஞாயித்துக்கிழமை வருவேன். அன்னைக்கும் நாறுச்சுன்னா சாவியைக் கொடுத்துடணும்.”

வாங்கிக்கொள்ளத்தான் கை பரபரத்தது. தானே பார்த்துக்கொண்டால் நிம்மதி. ஆனால் அப்புறம் அது அவள் வீட்டுக் குப்பை. தெருவுக்கும் அதற்கும் என்ன?

“நான் மட்டும் வேணாம்ணே. சாவி மூணு பேர்கிட்டயும் சுத்தி வரட்டும். சாவி யாருகிட்டயோ, அன்னைக்கு அவங்க மட்டும்தான் குவியலைத் தொடணும்.”

“என்னமோ பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை மறந்துடாதே.”

மறுநாள் சாவி அக்காவிடம் இருந்தது. தையல் மெஷின் நிற்கும்போதெல்லாம் தையல்காரியின் மூக்கு தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. ‘ஊத்திட்டீங்களா?’ என்று போனில் எழுதினாள், அழித்தாள். ‘ஊத்தாதீங்க’ என்று எழுதி, அதையும் அழித்தாள்.

பொழுது சாய்கையில் அக்கா வந்து சாவியை மெஷின்மேல் வைத்தாள். “ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சு பார்த்தேன். இன்னும் சொட்டுது. ஊத்தல. மரத்தூள்தான் போட்டுப் புரட்டினேன்.”

தையல்காரி சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். “இங்க வந்து மூச்சை இழுத்துப் பாருடி. என் மூக்கு பழகிப்போச்சு, அதை நம்ப முடியல.”

மகள் ஜன்னலோரம் நின்று இழுத்தாள். “நேத்து அளவுக்கு இல்ல.”

“நிஜமாவா?”

“கண்டக்டர் மூக்கு என்ன சொல்லும்னு எனக்கெப்படிம்மா தெரியும்?”

தையல்காரி ஜன்னலைச் சாத்தவில்லை.