தலைவாசல் நிலையின் கீழ்ப்பாதி

பூங்கோதை அத்தை அய்யாவின் தங்கை. சின்ன வயதுக் காய்ச்சலில் கால்கள் விளங்காமல் போனதால், கையை ஊன்றித் தரையோடு நகர்ந்துதான் வீடு முழுக்கப் போய்வருவாள். தரையில் வைத்த கைமெஷினில் கடலாடிப் பக்கத்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறாள். நான் பட்டம் வாங்கப் போன அன்று போட்டிருந்த சட்டை அவள் தைத்தது. எங்கள் குடும்பத்தில் பட்டத்தை முதலில் பார்த்த சட்டை அது.

அவளுக்கு எட்டாதது சுவிட்சு மட்டும். பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாதென்று எங்கள் பக்கம் ஆள் தோளுக்கு மேலேதான் வைப்பார்கள். பொழுது மங்கும்போது வீட்டுப் பெண் முதல் விளக்கைப் போட்டுக் கும்பிட வேண்டும். அம்மா காட்டு வேலை முடிந்து வரப் பிந்தினால், அத்தை ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டில் யாரையும் கூப்பிட மாட்டாள்.

"இருட்டு வாரதப் பாத்துக்கிட்டே இருந்தேன் மதினி. பூனை மாதிரி, சத்தமில்லாம வருது" என்பாள்.

எங்கள் பழைய காரை வீட்டை இடிக்காமல் புதுப்பிப்பதென்று அய்யா முடிவெடுத்தார். ஓடு மாற்றி, பழைய வயரையெல்லாம் பிடுங்கிய பிறகு அத்தை கேட்டாள்:

"சுவிட்ச நாந்தான் பாத்து எடுப்பேன். எனக்கு எட்டுற உசரத்துல வைக்கணும். பொழுதடைஞ்சா இந்த வீட்டு வெளக்க நான் போடணும்ணே."

"போட்டுக்கிறு" என்றார் அய்யா.

ஆட்டோ வைத்து ராமநாதபுரம் கூட்டிப்போனேன். எலெக்ட்ரிக் கடைக்காரர் சுஐபு பாய் சுவிட்சுத் தட்டுகளை எல்லாம் இறக்கித் தரையில் பாய் விரித்து அவள் முன்னால் பரப்பினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாக அமுக்கினாள். ஒன்று பல்லி போல் சொடுக்கியது. ஒன்றுக்குச் சத்தமே இல்லை. கடைக்கு வந்த நாலைந்து பேர் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு அவளைப் பார்த்து நின்றார்கள்.

"தங்கச்சி, இந்தப் பித்தளைப் பிளேட்டப் பாருங்க. பழைய வீட்டுக்கு ராஜா மாதிரி இருக்கும்" என்றார் பாய்.

"ராஜாவுக்கு எங்க ஊரு உப்புக்காத்து ஆகாது பாய். ஒரு மழைக்குள்ள பச்சை பிடிச்சிரும்."

"கண்ணாடிப் பிளேட்டு?"

"அதுல என் மூஞ்சி தெரியுது. வெளக்குப் போட வந்தவ சீவிச் சிங்காரிச்சுக்கிட்டுல இருப்பேன்!"

கடைசியில் உரித்த நுங்கின் நிறத்தில் ஒரு பிளேட்டும், புறங்கையால் தள்ளினாலும் அமுங்குகிற அகலமான சுவிட்சுகளும் எடுத்தாள். திரும்பும் வழியெல்லாம் பொட்டி மடியில் இருந்தது. வெளியே உடைமரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் விரல் மட்டும் அட்டையின் மேல் எதையோ போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் எலெக்ட்ரீசியன் மருதுபாண்டி வந்தான். அத்தை காட்டிய இடத்தில் சுவரைத் தட்டினான். காரை மாவாக உதிர்ந்தது.

"அக்கா, இடுப்பு உசரத்துக்கு உப்பு ஏறிக் கெடக்கு. மழை பேஞ்சா சுவரே கரண்டாயிரும். இங்கன வைக்க மாட்டேன்."

அத்தை நாலு சுவரையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே நகர்ந்தாள். எல்லாச் சுவரும் உதிர்ந்தது. தலைவாசலுக்கு வந்ததும் கையை நிறுத்தினாள். ஒரு சாண் அகலத் தேக்கு நிலை. கல்லின் மேல் நிற்கிற மரம், ஈரம் ஏறாதது.

"இதுல வையி மருது."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அய்யா வாளியோடு ஓடிவந்தார். "ஏய், நிலையிலயா? லட்சுமி குடியிருக்கிற மரம். அதுல யாராச்சும் ஆணி அடிப்பாகளா?"

மருதுபாண்டி துளைபோடும் மெஷினைக் கீழே வைத்துவிட்டான். எங்கள் ஊரில் நிலையில் காலண்டர்கூட மாட்ட மாட்டார்கள். அத்தை பிளேட்டைத் திரும்பப் பொட்டிக்குள் வைத்தாள். மூடியை மூடவில்லை.

"அண்ணே, வெள்ளிக்கிழமை இந்த நிலைக்கு யாரு மஞ்சள் பூசுறா?"

"நீயும் ஒன் மதினியும்."

"மேல்பாதி மதினி. எனக்கு எட்டுற கீழ்ப்பாதி நானு. முப்பது வருசமா பூசுறேன். கீழ்ப்பாதி லட்சுமி எனக்குத் தெரிஞ்சவ. அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மேல்பாதிக்காரி நானும் ஒண்ணுஞ் சொல்லல" என்றாள்.

அய்யா துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார். நிலையைப் பார்த்தார். கீழே, தங்கை கை எட்டும் இடம்வரை மஞ்சள் ஏறித் தேக்கே வேறு நிறமாக இருந்தது.

"ஆணி அடிக்காதலே மருது. திருகாணி போடு" என்றார். "நோகாமப் போடு."

அன்று சாயங்காலம் காற்று வாலிநோக்கத்துக் கடல் பக்கமிருந்து வந்தது. அம்மா அன்று வீட்டில்தான் இருந்தாள், ஆனாலும் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. முற்றம் நீலமாகி, அடுப்படி மறைந்து, எங்கள் முகங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. அத்தை புதுச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"போடேன் புள்ள" என்றார் அய்யா.

"பொறுண்ணே. இன்னுங் கொஞ்சம் இருட்டட்டும்."

நாங்கள் எல்லோரும் அவளுக்காக இருட்டில் காத்திருந்தோம்.