ஒரு பால்பல்லும் பழவங்காடியில் உடைந்த இரண்டு தேங்காயும்

உடைந்த தேங்காயின் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் சட்னி ஞாபகம் வராது. பல்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது...

அப்போது நான் பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையில் சேல்ஸ்மேன். பிள்ளையார் கோவிலில் தேங்காய் சிதறுகிற சத்தம் கடைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் புளித்த வாசனை என் சட்டையோடு வீடு வரைக்கும் வரும். வள்ளியூரிலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்து, வலியசாலைப் பக்கம் வாடகை வீடு. நான், மனைவி செல்வி, ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகள் கார்த்திகா.

ஒரு நாள் காலையில் அவளுக்குப் பல் தேய்த்துவிடும்போது பிரஷ் எதிலோ தட்டியது. குனிந்து பார்த்தால், கீழ்வரிசை முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு பல்! முன்னால் நிற்கிற பால்பல் லேசாக ஆடுகிறதே தவிர, விழுகிற எண்ணமே இல்லை.

"செல்வி, ஓடி வா... பிள்ளைக்கு ரெண்டு வரிசையா முளைக்கு!"

பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது, காலையில் தேய்க்க வேண்டும் என்பது மட்டும்தான். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதில் பல் பாடம் வந்த அன்று நான் லீவு போல.

பக்கத்து வீட்டு சேச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "பாக்கியமாக்கும் மோளே" என்றார். கடை முதலாளி நேர்மாறு. "லேய், உடனே பிடுங்கிரு. இல்லேன்னா ஒன் வாய் மாதிரி ஆயிரும்."

அதுதான் சுருக்கென்றது. என் பல்வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்... கிழக்கேகோட்டையில் பஸ்கள் நிற்கிற மாதிரி, ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகில். பிள்ளைக்கும் அந்த வாய் வந்துவிட்டால்?

அதைவிடப் பெரிய கஷ்டம், கார்த்திகா சிரிப்பதை நிறுத்தியதுதான். தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு அவளுக்கு. ஸ்கூலில் பிள்ளைகள் வாயைப் பிளக்கச் சொல்லி வேடிக்கை பார்த்தார்களாம். அதிலிருந்து கை எப்போதும் வாய்மேலேயே இருந்தது.

ஒரு சாயங்காலம், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நேராகக் கோவிலுக்குப் போனேன். பிள்ளையாரே, அந்தப் பல் சீக்கிரம் விழ வேண்டும்! ஓங்கி ஒரு தேங்காய். சிதறின சந்தோஷத்தில் திரும்பினால்... பின்னால் செல்வி, கையில் தேங்காயோடு. பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு கார்த்திகா.

"நீங்க எங்க இங்க?"

"பிள்ளைக்குப் பல்லு சீக்கிரம் விழணும்னு... நீ?"

"அவசரப்பட்டு விழக்கூடாதுன்னு. உங்க கை சும்மா இருக்காதே, நூலக் கட்டி இழுத்துருவியளோன்னு எனக்கு ஒரே பயம்."

சொல்லிக்கொண்டே அவளும் உடைத்தாள். கார்த்திகா கையை எடுக்காமலே கேட்டாள், "அப்பா, இப்ப கணபதி ஆரு சொல்றத கேக்கும்?"

நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அவரே ஒரு கொம்பு உடைந்தவர். பல் விஷயத்தில் அவரிடம் வந்ததே சரியா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

மறுநாள் பல் டாக்டரிடம் போனோம். மலையாளி அம்மா, தமிழ் தெரிந்தவர். முன்பல்லை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பேடிக்கண்டா, பயம் வேண்டாம். ஆடுது இல்லே, தானே போய்க்கோளும். நாக்கு தள்ளித் தள்ளி புதுப்பல்லு முன்னாடி வந்துடும். விழாம அப்படியே நின்னா மட்டும் வாங்க, நான் எடுக்கறேன்" என்றார்.

மூச்சு விட்டேன். அதற்குள், "இது என்னா?" என்று உள்ளே டார்ச் அடித்தார். கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி.

"அது பால்பல்தானே டாக்டர், எப்படியும் விழத்தானே போகுது..."

"விழறதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு. அது வரைக்கும் பிள்ளை எதுல சவைப்பா, உங்க பல்லுலயா?"

செல்வி என் வாயைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கவலைப்பட்டு அலைந்த பல்லுக்கு வைத்தியமே வேண்டாம். கண்டுகொள்ளாத சொத்தைப் பல்லுக்கு அடைப்பு! அடைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்வரை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகு ஒரு நாள் முறுக்கு தின்றுகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். முன்பல்லைக் காணோம். தட்டில் தேடினோம், பாயில் தேடினோம்... முறுக்கோடு உள்ளே போயிருந்தது. கூரைமேல் எறிய பல் இல்லையே என்று நான் முழிக்கிறேன். அவளோ கண்ணாடி முன்னால் ஓடிப்போய் அந்த ஓட்டையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்... தெருமுனை வரைக்கும்.

"என் தேங்காதான் பலிச்சுது. தானா விழுந்துட்டுல்லா?" என்றாள் செல்வி.

"சீக்கிரம் விழுந்துட்டுல்லா? அப்ப என் தேங்கா!"

இப்போது கார்த்திகா ப்ளஸ் டூ. பல் தேய்க்கும்போது நான் அந்தப் பக்கம் போனால் கதவைச் சாத்துகிறாள். போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள்.

"என்ன மக்களே சிரிப்பு?"

"ஒண்ணுமில்லப்பா, சொன்னா அப்பாக்கு மனசிலாகாது."

அன்று வாயைத் திற என்றால் கடைவாய் வரைக்கும் காட்டின பிள்ளை...

ஆனால் அவள் சிரிக்கும்போது நான் கவனிப்பதுண்டு. கீழ்வரிசையில், அன்று பின்னால் முளைத்த அந்த ஒரு பல் மட்டும் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. நேர் என்றும் சொல்ல முடியாது, கோணல் என்றும் சொல்ல முடியாது. பிள்ளையார் ரெண்டு தேங்காய்க்கும் பாதிப் பாதி பார்த்துக் கொடுத்திருப்பார் போல.

அதில் என் பாதி எது, செல்வி பாதி எது என்றுதான் இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை...