மூண்டாம் தரம்தான் ஊசி

ரத்தம் எடுக்க ரெண்டு நிமிசம் காணும். அதுக்கு முதல் குடும்பக் கதை எடுக்கிறதுக்குள்ள எங்கட சீவன் போயிடும். இந்த வேலை பார்த்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நியூசிலாந்தில, ஒக்லாந்தில டொக்டர் ரூபியோட வேலை செய்யிறன். அவ அவுஸ்திரேலியப் பழங்குடி மனுசி. தன்ர ஊரில பிள்ளையளுக்கு வைத்தியம் பார்த்தவ. அந்தப் பிள்ளையளின்ர ரத்தத்தை ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினால், "உங்கட சனத்தின்ர விபரம் எங்களிட்ட இல்லை, சொல்லத் தெரியேல்லை" எண்டு பதில் வருமாம். வந்த கோபத்தில தானே ஆராய்ச்சிக்கு இறங்கிட்டா. இஞ்ச தமிழாக்களுக்கும் அதே பதில்தான் எண்டு கண்டவுடன எங்களையும் சேர்த்துப் பிடிச்சா. வீடு வீடாப் போய், சனம் சொல்லுறதை அவவுக்கு மொழிபெயர்த்துக் குடும்ப மரம் கீறுறது என்ர பாடு.

ரோல்ஸ்

டொக்டரின்ர சனத்திட்ட முந்தி ஆரோ கேளாமல் ரத்தம் எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள பூட்டி வைச்சவையாம். அதால அவவுக்கு ஒரு சட்டம்: முதல் ரெண்டு தரம் கதை மட்டும், மூண்டாம் தரம்தான் ஊசி.

கிளென்ஃபீல்டில சிவபாலன் அண்ணை வீட்டுக்குப் போனம். அவற்ற தம்பி பட்மின்டன் விளையாடேக்க விழுந்து செத்தவர். இதயத் துடிப்பில பிறவிக் குறை. அது அண்ணைக்கும் மகள் தர்சினிக்கும் இருக்கோ எண்டு பார்க்க வேணும். தெரிஞ்சால் குளிசையால காப்பாற்றலாம். தெரியாட்டில் அவளும் ஒருநாள் விழலாம். நான் துடிக்கிறன், டொக்டர் அவை பொரிச்சுத் தந்த ரோல்சைக் கடிச்சுக்கொண்டு அண்ணையின்ர தோட்டத்துக் கத்தரிக் கண்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கிறா. ரெண்டாம் தரமும் அப்பிடித்தான். அண்ணையின்ர மனுசி என்னைக் குசினிக்குள்ள இழுத்தா: "தம்பி, உந்த டொக்டர் வாறது ரத்தத்துக்கோ, ரோல்சுக்கோ?"

அம்மா எத்தினை பேர்?

அண்ணை தொண்டையைச் செருமி, பாராளுமன்றத்தில எழும்பினவர் மாதிரிச் சொன்னார்: "எனக்கு மூண்டு அம்மா." பெத்தவ, பெரியம்மா, சின்னம்மா. "பெத்தவவை மட்டும் சொல்லுங்கோ அண்ணை" எண்டன். "அப்ப மற்ற ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரரோ?" போதாததுக்கு அவர் கட்டினது சொந்த மாமாவின்ர மகளை. கோடெல்லாம் சுத்தி வந்து முட்ட, மரம் கீறுற கொம்பியூட்டர் பிழை எண்டு சிவப்பாக் கத்துது.

டொக்டர் பென்சிலை எடுத்துக் கடதாசியில தானே கீறினா. "எங்கட சனத்திலயும் அம்மாவின்ர சகோதரி அம்மாதான். எனக்கு நாலு. நீர் கொம்பியூட்டரைத் திருத்தும், அந்த மனுசனைத் திருத்தாதையும்."

ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை

குடும்பத்தில ஆருக்கு என்ன நோய் எண்டு அண்ணையிட்டக் கேட்டன். நெஞ்சு வருத்தம்? இல்லை. மயக்கம்? இல்லை. செத்த தம்பி? "அது களைப்பு." எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிறகுதான் அண்ணையின்ர மனுசி, அந்த அக்கா, குசுகுசுத்தா: தர்சினிக்கு பாட்டனி டவுன்ஸில ஒரு சம்பந்தம் பேசுகினம், கதை வெளியில போனால் குழம்பிடும். "பிள்ளையின்ர உயிர் அக்கா!" எண்டு கத்தினன். அவ அசையேல்லை. "உயிர் கடவுளின்ர கையில, தம்பி. கலியாணம் எங்கட கையில."

மாப்பிள்ளை வீட்டார்

மூண்டாம் தரம், கதை வெளியில போகாது எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்து ஊசி எடுக்கிற நேரம் பார்த்து வாசல் மணி அடிச்சுது. அடுத்த சனிக்கிழமை வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டார் ஒரு கிழமை முந்தி வந்து நிக்கினம். அக்கா சட்டெண்டு ஊசிப் பெட்டிக்கு மேல ரோல்ஸ் தட்டை வைச்சு, "இவ இவற்ற ஒஃபீஸ் சிநேகிதி" எண்டா. டொக்டரும் தலையாட்டினா. தர்சினிதான், சுருட்டின சட்டைக் கையை இறக்காமல், இங்கிலிசில போட்டு உடைச்சாள்: இவ டொக்டர், சித்தப்பாவின்ர இதயம் நிண்டுபோனது, தனக்கும் அது இருக்கோ எண்டு பார்க்கப் போகினம்.

அக்கா ரோல்ஸ் தட்டை எடுத்து அவையளுக்கு நீட்டினா. மாப்பிள்ளையின்ர தாய் மெல்லக் கதிரையில இருந்தா. "என்ர மனுசன்ர அண்ணரும் உப்பிடித்தான் விழுந்து செத்தவர். கலியாணப் பேச்சுக்காக, அவர் கனடாவில இருக்கிறார் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். டொக்டர், முதல் என்ர மகனுக்குக் குத்துங்கோ."

அண்ணைக்கும் தர்சினிக்கும் அந்தக் குறை இருந்தது, மாப்பிள்ளைக்கு இல்லை. அவள் குளிசையோட சுகமா இருக்கிறாள், கலியாணத்துக்கும் நாள் வைச்சாச்சு. நான்தான் மாப்பிள்ளை வீட்டுக் குடும்ப மரத்தைக் கீறி முடிக்கேலாமல், செத்த ஆக்களில கனடாவில இன்னும் எத்தினை பேரை வைச்சிருக்கினம் எண்டு விசாரிச்சுக்கொண்டு திரியிறன்.