போல்ட் போட்ட வீடு

"கழட்டுற வூடுதானே, கழட்டி எடுத்துட்டுப் போங்க" என்று வருவாய்த்துறை அதிகாரி சொன்னபோது அவர் என் வீட்டை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பைக்கில் உட்கார்ந்தபடி செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். செந்துறையிலிருந்து அரியலூர் போகும் சாலையை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. கரைக்கு உட்புறம் நாங்கள் முப்பது நாற்பது குடும்பங்கள். இரும்புக் குழாய் நட்டு, தகரம் வைத்து, போல்ட் போட்டு முறுக்கிய வீடுகள். கட்டடம் என்றால் இடிப்பார்கள், தகரம் என்றால் கழற்றிக்கொண்டு வேறு இடம் போய்விடலாம் என்று நினைத்துப் போட்டது. போன பாடில்லை. என் மகள் தவழ்ந்தது, பெரியவளானது, இப்போது பெரம்பலூரில் நர்சிங் படிக்கக் காலையில் பஸ் பிடிக்க ஓடுவது எல்லாம் அந்தத் தகரத்துக்குள்ளிருந்துதான். அவள் பஸ் ஏறும் நிறுத்தத்தில்தான் என் இட்லிக் கடை. மின்சாரக் கட்டணம் கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். ஆனாலும் அரசாங்கத்தின் கண்ணுக்கு அது வீடில்லை, சாமான்.

மாற்று இடம் என்று அவர்கள் காட்டியது ஒரு கல்லாங்காடு. பஸ் கிடையாது. அங்கே போனால் என் கடையும் போச்சு, மகளின் படிப்பும் போச்சு.

காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து எங்களுக்கு உதவ வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கட்சிக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். வக்கீல் என்று ஒருவர் எல்லோருடைய ஆதார் நகலையும் கேட்டார். எதற்கு என்று கேட்டேன், கோபித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. "சாமியே நேர்ல வந்தாலும் நீ ஆதார் கார்டு கேப்ப" என்பார் என் வீட்டுக்காரர். சிமென்ட் மூட்டை இறக்கும் வேலைக்குப் போகிறவர். எல்லோரையும் நம்புவார். ஒரு வீட்டில் இரண்டு பேருமே அப்படி இருந்தால் உருப்படுமா?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். அது சுற்றி வந்து பைக்கில் உட்கார்ந்திருந்த அந்த அதிகாரியிடமே வந்து சேர்ந்தது. சரி, மறியல் பண்ணுவோம் என்று என் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினோம். விடிவதற்குள் போலீஸ் ஜீப் வந்து வாசலில் நின்றது. "ரோட்டுல உக்காந்தா கேஸ் போட்டுருவோம்" என்றார்கள். நாங்கள் பேசியது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்வதே நின்றுபோனது.

இந்த நிலைமையில்தான் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் வந்தார். எங்களை ஏரியிலிருந்து கிளப்பச் சொல்லி வருஷக்கணக்காக மனு போட்டுக்கொண்டிருந்தவரே அவர்தான்! ஏரித் தண்ணீர் பாயும் நிலமெல்லாம் அவர் ஊர்க்காரர்களுடையது. வண்டியை நிறுத்திவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மறியல் கிறியல்லாம் வேணாம். ஏரி வத்திக்கிட்டு வருது. மீன்பிடிக்கு நாள் சொல்லிடறோம். சுத்துப்பட்டு சனம் பூரா வரும்."

"என்னைக்குண்ணே?"

அவர் சொன்ன நாள், நோட்டீஸ் கெடு முடிந்து ஜேசிபி வருவதாக இருந்த அதே நாள்.

எங்கள் பக்கம் ஏரி வற்றும்போது ஊர் கூடி மீன் பிடிப்பது வழக்கம். கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். உடனே ஆண் பெண் அத்தனை பேரும் வலையும் கூடையுமாகச் சேற்றில் இறங்குவார்கள். யாரும் யாரையும் தடுக்கக்கூடாது, பிடித்ததை விற்கக்கூடாது. எல்லாம் சரி. ஆனால் அத்தனை பேரும் ஏரிக்குள் இருக்கும்போது வீடுகளில் யார் இருப்பார்கள்? எங்களை மீனுக்கு இறக்கிவிட்டு, பின்னாலிருந்து வீட்டைப் பிரிக்கப் பார்க்கிறார் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மீன்பிடி அன்று காலை நான் ஏரியில் இறங்கவில்லை. வாசலில் ஸ்டூலைப் போட்டு, அரிவாள்மனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மீன் வந்தால் நறுக்கத்தான் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். ஜெயங்கொண்டம் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். துண்டு வீசினதும் ஒரே கூச்சல். ஏரி முழுக்கத் தலைகள்.

கொஞ்ச நேரத்தில் ஜேசிபி வந்தது. பின்னால் போலீஸ், அதிகாரி. நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். ஆனால் வண்டி சாலையிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் நானும் கவனித்தேன். சாலையிலிருந்து எங்கள் வீடுகளுக்கு இறங்கும் ஒரே பாதை முழுக்க பைக்குகள். கரைமேலும் பைக்குகள். எல்லாம் ஹேண்டில் லாக் போட்டவை. சாவிகள் இடுப்பு மடிப்பில், இடுப்புகள் சேற்றுக்குள்.

"யாரு வண்டிய்யா இதெல்லாம்? எடுக்கச் சொல்லுங்க" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

சங்கத் தலைவர் கரையில் துண்டோடு நின்றிருந்தார். "எல்லாரும் உள்ள இருக்காங்க சார். மீன் கெடைக்காம எவன் மேல வருவான்? நீங்களும் எறங்குங்களேன், வெரால் நல்லா இருக்கு" என்றார்.

கோஷமில்லை, கொடியில்லை, ஒருவர்கூட ரோட்டில் உட்காரவில்லை. யார்மேல் கேஸ் போடுவது? மத்தியானம் வரை நின்றுவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு அதிகாரி கிளம்ப, ஜேசிபியும் திரும்பிப் போனது. என் வீட்டுக்காரர் சேறு சொட்ட ஒரு பெரிய விராலோடு வந்து, "இப்பவாச்சும் நம்புறியா?" என்றார். நான் மீனை வாங்கி அரிவாள்மனையில் வைத்தேன்.

சாயங்காலம் சங்கத் தலைவரிடமே போய்க் கேட்டேன். "உங்களுக்கு இதுல என்ன லாபம்ணே?"

அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஏரிக்குள்ள இருக்கறது எனக்குச் சுத்தமா புடிக்கல. ஆனா ஆபீஸ்காரன் உங்கள கெளப்பிட்டு எடத்த மண்ணப் போட்டு மூடி, கடை கட்டி வாடகைக்கு விடப்போறானாம். நீங்க ஓரத்தத்தான் தின்னீங்க. அவன் முழுசா தின்னுருவான். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி எங்க ஊர் பழைய நெல்லடிக்கிற களம் சும்மா கெடக்கு. கிராம சபைல தீர்மானம் போட்டு வாங்கித் தரேன். நீங்களா ஏரிய வுட்டு வெளிய வாங்க."

அன்றுதான் அந்த ஆளை நம்பினேன். பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்பவரிடம் ஒளிக்க வேறென்ன இருக்கப்போகிறது?

கிராம சபையில் அவர்களும் நாங்களும் சேர்ந்து கை தூக்கினோம். ஏரியில் யாரும் மண் கொட்டக்கூடாது, களம் எங்களுக்கு என்று தீர்மானம். பிறகு வந்தது சிக்கல். முதலில் நீங்கள் காலி பண்ணுங்கள் என்றார்கள் ஊர்க்காரர்கள். முதலில் இடத்தைக் கொடுங்கள் என்றோம் நாங்கள். யாரும் இறங்கி வருவதாக இல்லை. கடைசியில் நான்தான் எழுந்தேன். "களத்துல ஒரு கொழாய் நடுங்க, இங்க ஒரு போல்ட்டு கழட்டுறேன். அடுத்த கொழாய், அடுத்த போல்ட்டு."

கூட்டம் சிரித்தது. ஆனால் அப்படித்தான் நடந்தது. களத்தில் ஒருவர் நின்று கை காட்ட, இங்கே என் வீட்டுக்காரர் ஸ்பேனரைத் திருகினார். போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் கழற்ற முடிந்தது. கூரைத் தகரத்தை ஊர்க்காரர்கள் சுமந்தார்கள். கதவை மட்டும் நான் யார் கையிலும் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஜேசிபியோடு அந்த அதிகாரி மறுபடியும் வந்தார். நான் கடையில் இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். ஏரிக்குள் என் வீடு இருந்த இடத்தில் வெறும் குழிகள். மற்ற வீடுகளும் பாதி பிரித்தபடி நின்றன. நேராக என்னிடம் வந்தார்.

"எங்கம்மா வூடு?"

"கழட்டுற வூடுதானே சார், கழட்டிட்டோம்" என்று சொல்லி, பின்னால் இருந்த களத்தைக் கைகாட்டினேன். அங்கே என் மகள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் அவர் முதன்முதலாக என் வீட்டைத் தலைதூக்கிப் பார்த்தார்.