ரோல்ஸ் தட்டோடு ஒரு படம்

சென்ற வருடம் ஒரு ஞாயிறு மதியம். பேர்லின், நொய்கெல்னில் ஒரு சிறிய மண்டபம். இருந்தவர்கள்: அன்று காட்டிய இரண்டு விவரணப் படங்களையும் எடுத்த ஜேர்மன் பெண். கதிரை அடுக்கிய இரண்டு மாணவர்கள். பார்க்க வந்தவர்கள் ஐம்பது பேர் வரை. சமையலறையில் நானும் மனைவியும். கடைசி வரிசையில், தொப்பி போட்ட ஒரு கறுப்பினப் பெண்.

நான் உணவகத்தில் சமையல்காரன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அன்று சாப்பாடு எங்கள் ரோல்ஸ், இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. படம் தொடங்க முன் அந்த ஜேர்மன் பெண் ஏதோ அறிவித்தார். எண்ணெய் கொதித்த சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு படங்களும் ஒரே பெண்ணைப் பற்றியவை. கறுப்பின மக்களின் விடுதலைக்காகப் போராடி, தன் நாட்டை விட்டுத் தப்பி, எங்கோ ஒளிந்து வாழ்பவர். சமையலறை ஜன்னலால் பார்த்தேன். முதல் படத்தில் அவருக்கு இளவயது. ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கிறார். இரண்டாவது இப்போது எடுத்தது. அதில் முகமே வரவில்லை. கை வருகிறது, பிடரி வருகிறது, வெங்காயம் வெட்டுவது வருகிறது.

“ஏன் முகத்தைக் காட்டுகினம் இல்லை?” என்றேன்.

“கமராவைப் பிடிக்கத் தெரியாதாக்கும். நீங்கள் ரோல்ஸைப் பாருங்கோ, கருகுது” என்றாள் மனைவி.

படம் முடிந்ததும் தொப்பி போட்டவர் தட்டருகே வந்தார். இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதை எடுத்தார். நல்ல உறைப்பு என்று டொச்சில், ஜேர்மன் மொழியில், சொல்லிச் சிரித்தார். எனக்குப் பெருமை. கலியாணமோ செத்தவீடோ, எங்கள் ஆட்கள் சாப்பாட்டைப் படம் எடுத்து ஊர்க் குழுவில் போடாமல் விடமாட்டார்கள். நானும் எடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. அவர் முகம், கையில் ரோல்ஸ், பின்னால் மண்டபத்தின் பெயர். ‘பேர்லினில் இன்று எங்கள் ரோல்ஸ்’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

தட்டுக் கழுவி முடித்தபின், மனைவி அதை அந்த ஜேர்மன் பெண்ணிடம் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது.

“அழியுங்கள். இப்போதே.”

பிறகுதான் சொன்னார். தொப்பி போட்டவர்தான் படத்தில் வந்தவர். எந்த நாட்டில் இருக்கிறார் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. இடம் தெரிந்தால் பிடிக்க ஆள் வரும். அதற்குப் பயந்து ஏற்கெனவே இரண்டு தடவை வீடு மாறியிருக்கிறார். படம் எடுக்கக் கூடாது என்பதுதான் தொடக்கத்தில் சொன்ன அறிவித்தல்.

நான் அகதியாக வந்து ஆறு வருடம் ஒரு படத்துக்கும் நின்றதில்லை. அண்ணை ஊரில் சிறையில் இருந்தார்; என் முகம் வெளியே வந்தால் அடி அவருக்குத்தான். முகாமில் யாராவது கமராவைத் தூக்கினால் எழும்பிப் போய்விடுவேன். அப்படி இருந்தவன்தான் இதைச் செய்தேன்.

அழித்தேன். இன்னும் போகாமல் நின்ற தொப்பி போட்டவரின் கையை மனைவி பிடித்தாள். அவளுக்கு டொச் மறந்து தமிழ்தான் வந்தது.

“குறை நினையாதேங்கோ பிள்ளை. இந்த மனுசனுக்கு விசர்.”

அவர் ஏசவில்லை. பார்த்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். கனடா, லண்டன், பாரிஸ், யாழ்ப்பாணம் என்றேன். கோட்டைப் போட்டுக்கொண்டு பின்கதவால் போனார்.

அழிக்க முன், பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தேன். கனடா மச்சான் சிரித்தான்.

“ஆரடா அது, நடிகையோ? இப்பிடிப் பதறுறாய்.”

“உன்ரை போனிலை இருந்தால் அழி.”

“ஓம் ஓம், அழிச்சாச்சு.”

அழித்தானோ தெரியாது.

இரண்டு கிழமை கழித்து அந்த ஜேர்மன் பெண் சொன்னார், அவர் பேர்லினை விட்டுப் போய்விட்டாராம். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

ஒரு மனுசி மூன்றாம் தடவையும் வீட்டை விட்டுப் போனது என் கையால். இன்றைக்கும் ஒரு முகத்துக்கு நேரே போனைத் தூக்கினால், நான் அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்தவர்களின் தொகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. முப்பத்தொரு பேர்.