தலைகீழாக மாட்டிய படம்

அலுவலகத்தில் அவளுக்குக் குழியம்மா என்று பட்டப்பெயர். விண்கலம் அனுப்பும் நிலவுப் படங்களில் எது குழி, எது மேடு என்று குறித்துக் கொடுப்பவள். அவள் குறித்துவிட்டால் மறுபேச்சு கிடையாது.

அதிலும் நிலவின் மேட்டுநிலம் லேசுப்பட்டதல்ல. ஆதியில் உறைந்த வெளிர்ப் பாறை. காலங்காலமாக விண்கற்கள் வந்து விழுந்ததில் குழிக்குள் குழி, அதற்குள்ளும் குழி. கலம் இறங்கச் சமதரை கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தக் குதிரைக்கொம்பையும் குழியம்மா பிடித்துவிட்டாள்: உச்சி தட்டையான ஒரு மேடு. கலம் அங்கே இறங்கினால், உள்ளிருக்கும் வண்டி சரிவில் உருண்டுபோய்ப் பாறைகளை ஆராயலாம். மறுநாள் கூட்டத்தில் முடிவாக வேண்டியதுதான் பாக்கி. பெருமை தாங்காமல், அந்த மேடு மட்டும் தெரியும் நெருக்கப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். ஆணி அடித்து மாட்டினார்.

“என்னங்க, தலைகீழா மாட்டியிருக்கீங்க!”

“எனக்கென்ன தெரியும்? இப்படி வெச்சாத்தான் குழி நல்லாத் தெரியுது.”

“அது குழியில்லைங்க, மே...”

பாதியிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய மேடு, சாப்பாட்டுத் தட்டுபோல நடுவில் அமிழ்ந்து கிடந்தது.

வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று கண் நினைத்துக்கொள்ளும். கீழிருந்து வெயில் அடிக்கும் படத்தில் குழி மேடாகத் தெரியும். அதனால் முதலில் வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. கிடைத்த சந்தோஷத்தில் இந்த ஒரு படத்துக்கு மட்டும் அவள் பார்க்கவில்லை. இப்போது படத்தின் வெயில் குறிப்பைப் பார்த்தாள்: நேராகப் பிடித்தால் வெயில் கீழிருந்துதான்; அது குழியேதான்.

“வெளிய சொன்னா என் மானமே போயிடும்ங்க. சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. நான் குறிச்சதை யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க.”

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். “வண்டி பள்ளத்துல மாட்டிக்கிட்டா, எறங்கித் தள்ள அங்க யாரு இருக்கா?”

மறுநாள் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டாள். தலைவர் முகம் சுருங்கிப் போனது. மாதக்கணக்கில் வேறு இடம் தேடினார்கள். மேட்டம்மா என்று பெயரை மாற்றிக் கூப்பிட்டார்கள் சில வாலுகள். அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கத்தான் செய்தது.

ஒருவழியாகக் கலம் வேறோர் இடத்தில் இறங்கியது. வண்டி வெளியே வந்து, வெளிர்ந்த மண்ணில் தன் சக்கரத் தடத்தைப் படம் பிடித்து அனுப்பியது. கூடமே எழுந்து கைதட்டியது. அவள் மட்டும் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாள். பார்த்த பிறகுதான் அழுதாள்.