லெப்ட் அவுட் அம்மாவாசியும் நகர்ந்த கோடும்

அம்மாவாசியின் கல்யாணப் பத்திரிகை ஒன்று இன்னும் அவன் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மற்ற மாப்பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்றோ மின்சார வாரியம் என்றோ போடுகிற இடத்தில், இவனுக்கு ‘லெப்ட் அவுட், அனுமந்தன்பட்டி கால்பந்துக் குழு’ என்று அச்சடித்திருக்கும். படித்த படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதைப் போட அவனுக்கு மனமில்லை. பார்க்கிற வேலை திராட்சைப் பந்தலுக்கு அடியில் கொடி கட்டுவதும் மருந்தடிப்பதும். அதைப் போடப் பெண்வீட்டாருக்கு மனமில்லை. மிச்சம் இருந்தது இதுதான்.

லெப்ட் அவுட் என்பவன் பதினொரு பேரில் தனி ஆள். இடதுபக்கக் கோட்டை ஒட்டியே நிற்பான். பந்து வந்தால் கோட்டோரமாகவே ஓடுவான். ஓடி முடித்து, கோலுக்கு முன்னால் பந்தைத் தூக்கிப் போடுவான். அடித்துப் பேர் வாங்குகிறவன் வேறொருவன். அம்மாவாசி தூக்கிப் போட்டால் பந்து சரியாக முப்பது தப்படியில் விழும். எங்கள் மைதானத்தின் அகலம் அறுபது தப்படி என்பதால் கோல் வாசல் நடுவுக்கு முப்பதுதான் கணக்கு. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லாததால் அவன் கோடும் மாறாது. இருபது வருஷமாக அவன் கால் அந்த முப்பதில் ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவனுக்கு அந்த இடத்தின் மேல் அப்படி என்ன பிரியம் என்று கேட்டால், ஆறு நாளும் பந்தலுக்கடியில் கழுத்தை மடக்கி நிற்கிற மனிதன், ஏழாம் நாள் ஒரு பக்கம் முழுக்க ஆளே இல்லாத வெளியில் நிமிர்ந்து ஓடுகிறான். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் சூரியபிரகாஷ் ஊருக்குத் திரும்பி வந்தான். எர்ணாகுளத்தில் விளையாட்டுப் படிப்பு முடித்த பையன், இருபத்தாறு வயசு, கழுத்தில் விசில். குழுவுக்கு அவன்தான் இனிமேல் கோச் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் நாளே மைதானத்து மண்ணில் குச்சியால் வைரக்கல் மாதிரி ஒரு கட்டம் போட்டான். நான்கு முனையிலும் நான்கு பேர், மற்றவர்கள் முன்னும் பின்னும்.

அம்மாவாசி கட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “தம்பி, இதுல நான் எங்கன நிக்கேன்?”

“நீங்க இதுல இல்லண்ணே. லெப்ட் அவுட்டுங்கிற எடமே இப்ப உலகத்துல கெடையாது. எல்லாரும் நடுவுல அடைச்சு ஆடுறாக. கோட்டோரமா ஒத்தை ஆள நிறுத்துறது வீண்.”

“கெடையாதா? நேத்து வரைக்கும் நின்னனேப்பா.”

“நேத்து வரைக்கும் நமக்குத் தெரியலண்ணே.”

வீட்டுக்கு வந்து சொன்னான். பாண்டீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததை நிறுத்தவே இல்லை.

“அப்ப கல்யாணப் பத்திரிகையில பொய்ய அச்சடிச்சா என்னையக் கட்டுனீக?”

“அப்ப இருந்துச்சுடி அந்த எடம்.”

“இப்ப இல்லேல்ல? எங்க அப்பன்கிட்டச் சொல்லிப் பத்திரிகையத் திருப்பி அடிக்கச் சொல்லட்டா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவன் அன்றைக்குச் சாப்பிடும்போது இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை. கேட்காத ஆள் இல்லை அவன்.

வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மார்க்கையன்கோட்டையோடு கோப்பைப் பந்தயம். இருபது வருஷத்தில் ஒன்றுகூட விடாமல் அதில் அவன் ஆடியிருக்கிறான். இந்த வருஷம் வெளியே உட்கார்ந்தால், பிறகு அந்த இடம் நிஜமாகவே இல்லாமல் போய்விடும். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆட்டத்தில்தான் அவனுக்கு இடமில்லையே தவிர, கோடு போடுகிற வேலை அவனிடமே இருந்தது. பந்தலுக்கு மருந்து கலக்குவதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்குவார்கள். மிஞ்சுகிற சுண்ணாம்பை வாளியில் அள்ளி வந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான்கு பக்கமும் கோடு போடுவான். துத்தம் கலந்த வாளி என்பதால் கோட்டில் லேசாக ஒரு நீலம் ஓடும். யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

பங்குனி முடியப்போகிற ஒரு ஞாயிறு. வாளியோடு இடதுபக்கக் கோட்டருகே நின்றான். அந்தப் பக்கம் மலையம்மாளின் காடு. சோளம் அறுத்து, மாடு மேய்ந்து, ஆள் நடந்து, மைதானத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்தது. அம்மாவாசி பழைய கோட்டை விளக்குமாற்றால் கூட்டினான். ஒரே ஒரு தப்படி வெளியே தள்ளிப் புதுக் கோட்டைப் போட்டான். போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி பீடி பற்றவைத்தான்.

அன்றைக்குச் சூரியபிரகாஷின் கட்டம் மூன்று கோல் போட்டு ஜெயித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பையன் ஒன்றும் தெரியாதவன் இல்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு தப்படி, அன்றைக்கும் ஜெயித்தார்கள். மூன்றாவது தப்படியில் யாருக்கும் வெற்றியில்லை. நான்காவதில் தோற்றார்கள். எதிராளிகள் எல்லோரும் ஆற்றங்கரை மாதிரி அகலமாய்க் கிடந்த இடது பக்கமாகவே வந்து வந்து போனார்கள். நடுவில் அடைத்து நின்ற நான்கு பேரும் அங்கே ஓடிப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது.

“எடது பக்கம் மட்டும் ஏன் இப்பிடி ஓட்டை விழுது?” என்று சூரியபிரகாஷ் தலையைச் சொறிந்தான்.

கோல் கீப்பர் கர்ணன் மட்டும் சரியாகச் சொன்னான். “மாப்ள, கோல் போஸ்ட்டு வலது பக்கமா நகருதுடா. சாமி சத்தியமா நகருது.”

“நீ மொதல்ல கண்ணாசுபத்திரிக்குப் போ” என்றார்கள் எல்லோரும். அம்மாவாசிதான் ரொம்ப அக்கறையாக, “ஆமா கர்ணா, வெயில்ல நிக்கிற. மோர் குடி” என்றான்.

ஐந்தாவது தப்படி வைக்கிற காலையில் மலையம்மாள் வந்துவிட்டாள். முறைக்கு அவனுக்கு மதினி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கோட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“ஏன் கொழுந்தனாரே, என் காட்டுக்குள்ள எதுக்கு நாமம் போடுறீக?”

அம்மாவாசிக்கு வாளி கையிலிருந்து நழுவியது. பொய் சொல்ல வாய் வராமல் நடந்ததை அப்படியே சொன்னான். பத்திரிகைச் சமாசாரம் உட்பட.

மலையம்மாள் சிரிக்கவில்லை. “கடேசிப் பந்தயம் யாரு கூட?”

“மார்க்கையன்கோட்டை மதினி.”

மார்க்கையன்கோட்டை அவள் நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊர். மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மலையம்மாள் மண்ணைக் காலால் ஒரு தடவை தேய்த்தாள்.

“எட்டுத் தப்படி வரைக்கும் எடுத்துக்கங்க. ஒம்பதாவது வச்சீகன்னா கால ஒடிச்சுப்புடுவேன். ஆனிச் சாரல் விழுந்த மறுநாள் உழுது வெதைக்க என் காடு எனக்கு வேணும். அந்த ஊர்க்காரன் மட்டும் செயிச்சுப் போனான்னா, ஊரைக் கூட்டி ஒங்க கோட்டுக் கதைய நானே சொல்லுவேன்.”

அம்மாவாசி கும்பிட்டான்.

கோப்பைப் பந்தயத்தன்று கூட்டமான கூட்டம். ஆட்டம் தொடங்கும் முன்பே மார்க்கையன்கோட்டை கேப்டன் தகராறு பண்ணினான். “இந்தக் கிரவுண்டு கோணலா இருக்கு. போன வருசம் இப்பிடி இல்ல.”

நடுவர் சுயம்புலிங்கம் பெரியகுளத்துக்காரர், எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கயிறு போட்டு அளந்தார். “அகலம் அறுபத்தெட்டுத் தப்படி. சட்டத்துல எடம் இருக்கு. போஸ்ட்டுதான் நடுவுல இல்ல. இப்பப் புடுங்கி நட முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே கோணல்தான், ஆடுங்க.”

“நான் சொன்னேன்ல!” என்று கர்ணன் கோலுக்குள் நின்று குதித்தான்.

அறுபத்தெட்டு என்றதும் சூரியபிரகாஷ் குனிந்து கோட்டைத் தொட்டான். விரலில் ஒட்டிய நீலத்தைப் பார்த்தான். பிறகு, வெளியே துண்டை விரித்து உட்கார்ந்திருந்த அம்மாவாசியின் விரல்களைப் பார்த்தான். அம்மாவாசி சட்டென்று கைகளைத் துண்டுக்குள் ஒளித்தான்.

பாதி ஆட்டம் முடியும்போது மார்க்கையன்கோட்டை ஒரு கோல் முன்னால் இருந்தது. இடது பக்கமாக வந்துதான் போட்டார்கள். சூரியபிரகாஷ் பதினோராம் நம்பர் சட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவாசி முன்னால் வந்து நின்றான்.

“அண்ணே, எத்தன வாரமா?”

“எட்டு வாரம் தம்பி.”

“ஓட்டையத் தோண்டினவரே வந்து அடைங்க.”

அம்மாவாசி உள்ளே போனான். போனபிறகுதான் தெரிந்தது, தான் தோண்டியது எவ்வளவு பெரிய ஓட்டை என்று. முப்பத்தெட்டு வயசுக் காலுக்கு அந்த வெளி முடியவே இல்லை. ஓடி வந்து தடுப்பான், திரும்ப ஓடுவான், நெஞ்சு நாய் மாதிரி இரைத்தது. கோட்டோரத்தில் பாண்டீஸ்வரி, “சோறு திங்கத் தெரிஞ்சதுல்ல, ஓடுங்க!” என்று கத்தினாள். இருந்தாலும் கோல் விழுவது நின்றது. எங்கள் வேல்பாண்டி நடுவிலிருந்து ஒன்று போட்டுச் சமனாக்கினான்.

முடிய இரண்டு நிமிஷம். பந்து அம்மாவாசி காலுக்கு வந்தது. எதிரே ஆளே இல்லை. நிமிர்ந்து ஓடினான். கோட்டின் கடைசிக்குப் போய், இருபது வருஷமாகத் தூக்கிப் போட்ட மாதிரியே தூக்கிப் போட்டான்.

மார்க்கையன்கோட்டைக்காரர்களுக்கு அந்தப் பந்தைப் பற்றித் தெரியாதா? முப்பது தப்படி, கோல் வாசல் நடு. ஆறு பேரும் அங்கே போய் ஒன்றாக எகிறினார்கள். பந்து அங்கே போகவே இல்லை. முப்பதாம் தப்படியில்தான் விழுந்தது. கோல் வாசல் இன்னும் எட்டுத் தப்படி தள்ளி இருந்தது. ‘ஐயோ, குறைச்சலாப் போச்சே’ என்று அம்மாவாசி தலையில் கை வைத்தான். ஆனால் கட்டத்தின் மேல்முனைக்காரன் வேல்பாண்டி, பிந்தி வந்தவன், பந்து விழுந்த இடத்தில் தன்னந்தனியாக நின்றான். அடித்தான். வலை இருந்தால் கிழிந்திருக்கும். எங்கள் ஊரில் வலை கிடையாது. பந்து போய்ப் புளியமரத்தில் மோதியது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது சூரியபிரகாஷ் அம்மாவாசியின் காதில் சொன்னான்: “நான் சொன்னதும் பொய்யில்லண்ணே. அறுபது தப்படிக் கிரவுண்டுல லெப்ட் அவுட் கெடையாது.”

“அறுபத்தெட்டுல?”

பையன் சிரித்தான். அது போதும்.

வீட்டில் பாண்டீஸ்வரி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பத்திரிகையை எடுத்துத் தூசி தட்டி, திரும்பவும் அங்கேயே செருகினாள். அன்றைக்கு அவன் மூன்றாவது தடவையும் சோறு வாங்கினான்.

ஆனியில் சாரல் விழுந்தது. மறுநாளே மலையம்மாள் ஏரைக் கட்டிவிட்டாள். எட்டுத் தப்படியும் சோளத்துக்குள் போனது. மைதானம் பழையபடி அறுபதானது. அடுத்த ஞாயிறு சூரியபிரகாஷ் மண்ணில் கட்டம் போட்டான். அதில் நான்கு முனைதான் இருந்தது. அம்மாவாசிக்கு அதில் வருத்தமில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, முளை பார்த்துக்கொண்டிருந்த மலையம்மாளிடம் போனான்.

“மதினி, இந்தச் சோளம் எத்தன நாள் பயிரு?”

“நூத்திப் பத்து நாளு. எதுக்குக் கேக்குறீக?”

“அடுத்த வெதைப்புக்கு இன்னுஞ் சீக்கிரமா வெளையுற ரகம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. விதை நானே வாங்கித் தாரேன்.”

மலையம்மாள் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். அவன் கோட்டோரமாகவே ஓடித் தப்பித்தான்.